முதற் பக்கத்தின் திகதி

போன மாதம் சர்மிளா தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வங்கியில் என் மேசைக்கு வந்தவள்.

"அன்ரி, புதுசா ஒரு சொஃப்ட்வெயார் தந்திருக்கினம். அக்ரிமென்டைப் போட்டா வித்தியாசமான இடத்துக்கு மட்டும் மஞ்சள் அடிச்சுக் காட்டும். முதல் பக்கம் எல்லாத்திலையும் ஒரே மாதிரித்தானே, அதைத் தாண்டிப் போயிடும். நல்ல லேசு."

"தாண்டட்டும் பிள்ளை. மெஷினுக்கென்ன, அதுக்குப் பென்ஷனா போகப்போகுது?" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "உண்மையாக் கேக்கிறன் அன்ரி, நீங்களும் அபேசிங்க மேடமும் முதல் பக்கத்தை ஏன் அவ்வளவு பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அதனால்தான் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடியே.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. கோட்டையில் ஒரு வங்கியின் திறைசேரிப் பிரிவில், ஆவண மேசையில், வாழ்நாளில் பாதிக்கு மேல் உட்கார்ந்தவள். என் வேலையைச் சொன்னால் சொந்தக்காரருக்கே விளங்காது. புறக்கோட்டையில் ஒருவர் பருப்பு இறக்குகிறார் என்று வையுங்கள். மூன்று மாதம் கழித்து அவருக்கு டொலர் வேண்டும். அன்றைக்கு டொலர் என்ன விலை விற்கும் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். ஆகவே இன்றே வங்கியோடு ஒரு விலையைப் பேசி வைக்கிறார். பிறகு டொலர் ஏறினால் அவருக்கு லாபம், இறங்கினால் நட்டம். இந்தப் பேச்செல்லாம் தொலைபேசியில், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடப் பேச்சுக்குக் காலும் கையும் கொடுப்பதற்காக முன்கூட்டியே ஒரு பெரிய ஒப்பந்தத்தில் இரு பக்கமும் கையெழுத்திட்டு வைத்திருக்கும். உலகம் முழுக்க வங்கிகள் அதே அச்சுப் படிவத்தைத்தான் பாவிக்கின்றன. நாங்கள் அதை மாஸ்டர் என்போம்.

அபேசிங்க மேடம் எங்கள் பிரிவின் தலைவி. எப்போதும் கஞ்சி போட்ட பருத்திச் சேலை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதமும் எனக்கு மாஸ்டரின் முதற் பக்கத்தைத் தவிர வேறொன்றும் அவர் தரவில்லை. ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர் அடிமட்டக் கோலை வரிக்குக் கீழே வைத்துத் தொடர வேண்டும். காற்புள்ளி வந்தாலும் "கமா" என்று சொல்ல வேண்டும். பூசையில் வாசகம் வாசிப்பதுபோல் நான் இழுத்தால், "ஜெசி, நித்திரை வருகிறது, மனிதரைப் போல வாசி," என்பார். அவர் பேசியது ஆங்கிலமும் சிங்களமும். நான் தமிழில் எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது? முதலில் ஒரு திகதி. "இன்ன திகதியில் கையெழுத்திட்டது" என்று இராது, "இன்ன திகதியிலிருந்து கொள்ளப்படுவது" என்று இருக்கும். பேனை என்றைக்கு ஓடியது என்பது வேறு விஷயம். இரு பக்கமும் என்றைக்கென்று சம்மதித்தார்களோ அதுதான் திகதி. அடுத்தது கட்சிக்காரர், அதாவது ஒப்பந்தம் செய்யும் இரு பக்கத்தாரின் பெயர். பிறகு, இந்த இருவரும் ஏற்கெனவே செய்த வியாபாரங்களுக்கும் இனிச் செய்யப்போகும் வியாபாரங்களுக்கும் இதுவே ஒப்பந்தம் என்று ஒரு வரி. அதாவது இன்னும் வாயால் சொல்லப்படாத பேச்சுக்கும் அங்கே ஏற்கெனவே இடம் போட்டு வைத்திருக்கும். சின்ன வயதில் அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு முதுகில் ஏதோ ஊரும். யாரோ வரப்போகிறார் என்று தெரிந்து கதிரை போட்டு வைத்த வீடு மாதிரி.

அதன் கீழே மூன்று சிறு பந்திகள். சொற்களின் பொருளைக் கடைசிப் பக்கங்களில் பார் என்பது ஒன்று. மாஸ்டரும் அதன் பின்னிணைப்பும் முரண்பட்டால் பின்னிணைப்பே வெல்லும், பின்னிணைப்பும் தனி டீலின் உறுதிக் கடிதமும் முரண்பட்டால் கடிதமே வெல்லும் என்பது இன்னொன்று. வங்கியில் சின்னவன் பெரியவனை வெல்லுகிற ஒரே இடம் இதுதான் என்று நாங்கள் பகிடி விடுவோம். மூன்றாவதுதான் மேடத்தின் பிள்ளை. எல்லா டீல்களும் சேர்ந்து ஒரே ஒப்பந்தம், அப்படி இல்லாவிட்டால் நாங்கள் எந்த டீலுக்குள்ளும் வந்திருக்க மாட்டோம் என்கிற பந்தி. "லாபத்தை ஒரு கையிலும் நட்டத்தை மறு கையிலும் பிரித்துப் பிடிக்க எவனையும் விடாதே. எல்லாம் ஒன்று, இல்லையேல் ஒன்றுமே இல்லை," என்பார்.

இனி சபாரட்ணம் ஐயாவின் கதை. யாழ்ப்பாணத்துக்காரர். புறக்கோட்டையில் பருப்பு, மல்லி மொத்த வியாபாரம், இருப்பது வெள்ளவத்தையில் கடலோரத் தொடர்மாடி ஒன்றில். இருபது வருடமாக எங்கள் டீலிங் அறைக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்த மனிதர். கம்பனியில் இரண்டே பணிப்பாளர்கள், அவரும் மனைவி புஷ்பம் அக்காவும். பிள்ளைகள் இல்லை. அந்தத் தொடர்மாடி வீட்டைத்தான் கம்பனிக்காக எங்களிடம் ஈடு வைத்திருந்தார்கள்.

எனது கடைசி வருடம் அது. மாஸ்டரின் பழைய படிவத்தை மாற்றிப் புதியதில் எல்லா வாடிக்கையாளரும் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஐயா ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் புஷ்பம் அக்காவோடு வந்தார். சேட் கொலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. இருவரும் எல்லா இடத்திலும் கையெழுத்திட்டார்கள். முதற் பக்கத்தில் திகதி எழுத நான் பேனையை எடுத்ததும் அவர் கையை நீட்டி மறித்தார்.

"மிஸ், திகதியை மட்டும் விடுங்கோ. இப்ப எனக்குக் காலம் சரியில்லை. போன டீலும் கவிண்டு கிடக்குது. நல்ல நாள் ஒண்டு பார்த்துச் சொல்லுறன், அண்டைக்கு எழுதுங்கோ."

மேடம் அன்று விடுமுறை. திகதி இல்லாமல் கையெழுத்து வாங்குவது எங்கள் மேசையில் பாவம். ஆனால் செவ்வாய் தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவள் நான், அடுத்தவரின் நல்ல நேரத்தைப் பழிக்க எனக்கென்ன தகுதி? "சரி ஐயா," என்றேன். அது என் பிழை. இன்றைக்கும் அதை என் பிழை என்றுதான் சொல்வேன்.

இரண்டு நாளில் பஞ்சாங்கத் தாளில் கிழித்த துண்டு ஒன்று தபாலில் வந்தது. அடுத்த கிழமை வெள்ளி, காலை பத்துப் பன்னிரண்டு. அவருடைய கையெழுத்து.

அந்த வெள்ளிக்கிழமை சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்து, பத்துப் பன்னிரண்டுக்கு என் கையாலேயே திகதியை எழுதினேன். எனக்கே சிரிப்பாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீலிங் அறையில் நிஷான் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தான். ஐயாவின் டீல்களை எடுப்பவன் அவன்தான், சிங்களப் பையன், தமிழ் கொஞ்சம் கொச்சையாக வரும். ஐயா அவனைச் சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார். என்னைக் கண்டதும் பெருவிரலை உயர்த்தி, "சபாரட்ணம் அங்கிள்" என்று வாயசைத்தான். நானும் கையைக் காட்டினேன். மனுசன் சொன்ன நேரத்துக்குச் சரியாக எடுக்கிறாரே என்று நினைத்தேன்.

மூன்று கிழமை கழித்துப் புஷ்பம் அக்கா வெள்ளைச் சேலையோடு வந்தார். கணவரின் பெயரை எடுத்துவிடச் சொல்லி மரணச் சான்றிதழை என் மேசையில் வைத்தார். அவர் இறந்தது அந்த வெள்ளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

நிஷானைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அக்கே, நான் அவரோட கதைச்சேனே," என்றான். மறுநாள் அவன் மணிக்கட்டில் புதிதாக, விகாரையில் பிரித் ஓதிக் கட்டும் காப்பு நூல் இருந்தது.

விஷயம் மேலே போனது. மேலிடத்து அதிகாரி ஒருவர் கோப்பைக் கையில் எடுத்தார். கவிழ்ந்து கிடந்த பழைய டீல் ஐயா இறந்த அதே கிழமை முடிந்திருந்தது, அப்போது டொலர் தரையில். நட்டம் முழுக்கக் கம்பனியின் தலையில். வெள்ளிக்கிழமை எடுத்த புதிய டீல் பழையதைப்போல் இரண்டு மடங்கு. அதை எடுத்த பிறகு டொலர் ஏறத் தொடங்கி, பழைய நட்டத்தை மூடக்கூடிய லாபத்தில் நின்றது. அதிகாரியின் கணக்கு லேசானது. புதிய டீல் செல்லாது, செத்தவன் எப்படி டீல் போடுவான்? அதைத் தூக்கி எறி. பழைய நட்டத்துக்கு வீட்டை எடு.

அன்று மேடம் அடிமட்டத்தோடு அவருடைய அறைக்குப் போனார். நானும் கோப்போடு பின்னால் போனேன். முதற் பக்கத்தை மேசையில் விரித்து, வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்தார்.

"கட்சிக்காரர் யார் என்று வாசியுங்கள். கம்பனி. கம்பனி சாகவில்லை."

"திகதி, ஆள் செத்த பிறகு போட்டது."

"கையெழுத்து அதற்கு முன்னே. இந்தத் திகதி அவர்கள் சம்மதித்த திகதி. அதை எழுதியது என் பிரிவு, ஏன் பிந்தியது என்பதற்கு நான் பதில் சொல்கிறேன்." என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடிமட்டம் கீழே இறங்கியது. "செய்த டீலும், செய்யப்போகும் டீலும். இரண்டும் உள்ளே. இனி இதை வாசியுங்கள். எல்லாம் ஒரே ஒப்பந்தம்."

அதிகாரி கெட்டிக்காரர். "சரி. ஆனால் பின்னிணைப்பில் டீல் பேச அதிகாரமுள்ளவர்கள் என்று இரண்டு பெயர்தான் இருக்கிறது. ஒருவர் செத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பேசியது யார்?" என்றார்.

வங்கியின் சட்டத்தரணி புஷ்பம் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் ஒளிக்கவில்லை. ஐயா படுக்கையில் கிடந்தபடி தன் பங்குப் பேச்சைக் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருக்கிறார். வெள்ளி பத்துப் பன்னிரண்டுக்கு வங்கிக்கு எடுத்து இதைப் போட்டுவிடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அக்கா அப்படியே செய்தாராம். டீல் பேச்சு அவருக்குப் பழக்கமில்லை, பெண்குரலுக்கு டீல் தருவார்களோ என்ற பயமும் இருந்ததாம். இயந்திரத்தில் குரலைப் போட்டுக் காட்டுவது அதிகாரமுள்ளவர் டீல் பேசியது ஆகாது என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார். இனி மிச்சம் இருந்தது ஒலிப்பதிவு மட்டும்.

டீலிங் அறையின் எல்லா அழைப்புகளும் பதிவாகும். தமிழ் உள்ள பதிவென்றால் கேட்டு எழுதுவது என் வேலை. அதற்கென்று ஒரு சின்ன அறை, குளிரூட்டி, காதுக்குக் கருவி. முதல் தரம் எழுதாமல் கேட்க வேண்டும். இரண்டாம் தரம் எழுத வேண்டும். மூன்றாம் தரம் இன்னொருவர் நான் எழுதியதைப் பாராமல் கேட்டுத் தானும் குறிக்க வேண்டும். இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பமிட வேண்டும். அது முடியும்வரை வாடிக்கையாளரோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. இது மேடம் போட்ட சட்டம்.

நடு மத்தியானம். கருவியைக் காதில் மாட்டினேன்.

"ஹலோ மல்லி, சபாரட்ணம்."

"குட் மோர்னிங் அங்கிள்!"

"ஒரு லட்சம் டொலர். வாங்கிறது. மூண்டு மாசம். விலை சொல்லுங்கோ."

நிஷான் விலையை இரண்டு தரம் சொல்லும் பழக்கமுள்ளவன். முதல் தரம் சொன்னான். இரண்டாம் தரம் சொல்லி வாய் மூடிய அந்த இடத்தில், ஐயா "சரி. டன்," என்றார். நிஷான் தொகை, தவணை, விலை எல்லாவற்றையும் திருப்பி ஒப்புவித்தான். ஐயா பொறுத்திருந்தார். அவர் மூச்சு இரைப்பது கேட்டது. நிஷான் முடித்ததும், "கரெக்ட் மல்லி. நல்லா இருப்பாய்," என்றார்.

இருபது வருடம் அதே பேச்சு. அவன் எங்கே மூச்சு விடுவான், எவ்வளவு நேரம் எடுப்பான் என்பதெல்லாம் மனுசனுக்கு மனப்பாடம். சாகப்போகிற ஒருவர், யாருமில்லாத அறையில், எதிர்ப் பக்கத்துக்குச் சரியாக இடைவெளி விட்டுக் கதைத்து வைத்திருக்கிறார். பின்னால் மின்விசிறி, காகம், கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும் சத்தம். அவருடைய பதிவில் ஒரு கோச்சி. வெள்ளிக்கிழமை உண்மையாகவே போன இன்னொரு கோச்சி. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஓடின.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நிஷான் நல்ல பிள்ளை. "அங்கிள், இப்ப சுகமா?" என்று கேட்டுவிட்டான்.

ஐயா பதிந்து வைத்ததில் அதற்குப் பதில் இல்லை. வெறும் அமைதி. பிறகு ஒரு பெண்குரல், அவசரமில்லாமல், தெளிவாக:

"எடுங்கோ தம்பி. நாங்கள் ரெண்டு பேரும் யோசிச்சுத்தான் இந்த டீலை எடுக்கிறம்."

இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. அதிகாரமுள்ள இரண்டாவது ஆள் தன் வாயால் டீலை உறுதிப்படுத்தியிருக்கிறார், தொகையும் விலையும் ஒப்புவித்த பிறகு. வேறென்ன வேண்டும்? இரண்டாம் தரம் கேட்டு எழுதினேன். மூன்றாம் தரம் மேடம் வந்து கேட்டார். தமிழ் தெரியாவிட்டாலும், "பெண்குரல், இரண்டு வசனம், டீல் என்ற சொல்," என்று தன் தாளில் குறித்தார். பத்திரத்தின் அடியில், "இது நிறுவனத்தின் இரண்டாம் பணிப்பாளரின் குரல் என்பதை நான் நேரடியாக அறிவேன்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. அந்தப் பெண்குரல் பேசும்போது மின்விசிறிச் சத்தம் இல்லை. காகம் இல்லை. போய்க்கொண்டிருந்த கோச்சியும் இல்லை. குரல் மட்டும். பேசி முடிந்ததும் கோச்சி விட்ட இடத்திலிருந்து ஓடியது. மேடத்திடம் சொன்னேன். அவர் பேனையை மூடினார். "பத்திரம் சொற்களைத்தான் கேட்கிறது, ஜெசி," என்றார்.

சட்டத்தரணிக்கு அந்தப் பத்திரமே போதும், புஷ்பம் அக்காவை யாரும் திரும்பக் கேட்கவில்லை. இரண்டு டீலும் ஒன்றாகி, புதியதன் லாபத்தில் பழையதன் நட்டம் கழிபட்டது. வீடு தப்பியது. நான் அந்த வருடமே ஓய்வு பெற்றேன்.

அதன் பிறகு ஒருநாள் வெள்ளவத்தைக்குச் சேலை வாங்கப் போனபோது, புஷ்பம் அக்காவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக்கூடாது என்ற சட்டம் இனி எனக்கில்லையே. தேத்தண்ணி தந்தார். பழைய கதை வந்தது.

"செத்தவீட்டுத் துடக்கோடை நல்ல நேரம் பாக்கிறதோ எண்டு எனக்கு மனம் கேக்கேல்லை, தங்கச்சி. ஆனா அவர் சொல்லிப்போட்டுப் போட்டார். கதவைப் பூட்டிப்போட்டு ரெண்டு போனையும் ஒண்டோட ஒண்டு வச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"கடைசியிலை நீங்கள் அப்பிடிச் சொன்னதுதான் அக்கா வீட்டைக் காப்பாத்தினது," என்றேன்.

"என்ன சொன்னனான்?"

சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் வாயே திறக்கேல்லை, தங்கச்சி. அவரின்ரை குரலைக் கேக்கக் கேக்க எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் போனிலை கேட்டா எல்லாம் பிழைச்சிடும் எண்டு முந்தானையை வாய்க்குள்ளை அடைஞ்சுகொண்டு நிண்டனான். அந்தத் தம்பி ஏதோ கேட்டது. பயத்திலை போனை வச்சிட்டன்."

"வீட்டிலை வேற ஆரும் இருந்தவையோ?"

"ஆர் இருக்கிறது?"

நேரடியாக அறிவேன் என்று எழுதிக் கொடுத்தவள் நான். இப்போது வங்கிக்குப் போய் உண்மையைச் சொன்னால் இந்த வீட்டின் கதி என்ன? சொல்லாவிட்டால் நான் ஒப்பமிட்டது என்ன? பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அது என்ரை குரல் மாதிரியே இருந்ததோ?"

"மாதிரி இல்லை அக்கா. உங்கடை குரலேதான்."

அவர் எழுந்து சுவரில் இருந்த ஐயாவின் படத்தடியில் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கனநேரம் நின்றார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"அப்ப நான்தான் சொல்லியிருப்பன்," என்றார். "நீங்கள் எழுதினபடியே இருக்கட்டும்."

இன்னும் சொல்லப்படாத பேச்சுக்கும் இடம் போட்டு வைத்த முதற் பக்கத்து வரி எனக்கு ஞாபகம் வந்தது. நான் ஓமென்று தலையாட்டிவிட்டு என் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தக் குரல் இன்னும் அதில் இருக்கிறதா என்று பதிவை இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கச் சொல்லிச் சர்மிளாவிடம் கேட்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.